மூன்று ஆள் தண்ணீர்

1987ஆம் வருஷம் சித்திரை மாதம் மூன்றாவது வாரத்திலிருந்து அம்பத்தூர், கொரட்டூர், பருத்திப்பட்டு, பூந்தமல்லிப் பக்கங்களில் லாரியில் வந்து இறங்கிய குடிதண்ணீர் பேச ஆரம்பித்தது. அந்தக் கோடையில் ஏரிகளில் சேறு வெடித்துவிட்டது. திருவள்ளூரைத் தாண்டியிருந்த விவசாயக் கிணறுகளை மூன்று கோடைக்கு ஒப்பந்தம் பேசி, மோட்டார் வைத்து இறைத்து, லாரியில் கொண்டுவந்து தெருத்தெருவாக விட்டார்கள். கிணற்றடியில் யார் எதைப் பேசினார்களோ அதுவும் தண்ணீரோடு சேர்ந்து வந்தது. ஏரித் தண்ணீர் அப்படிச் செய்வதில்லை. அது மாதக்கணக்கில் கிடந்து, கேட்டதையெல்லாம் மறந்துவிட்டுத்தான் குழாய்க்கு வரும். மறப்பதற்கு நேரம் கொடுக்காமல் இறைப்பதால் வந்த கோளாறு இது என்று பரிசோதனைக்கூடத்தில் எழுதிக் கொடுத்தார்கள். குடத்தின் மூடியைத் திறந்தே வைத்தால் இரண்டு நாள் வரை கேட்கும், அப்புறம் அடங்கிவிடும். மூடியே வைத்திருந்தால் அடங்காமல் இருக்கும். கொதிக்க வைத்தால் உடனே போய்விடும். கொரட்டூரில் ஒரு மளிகைக்கடைக்காரர் தன் குடத்திலிருந்தே வேர்க்கடலை விலையைத் தெரிந்துகொண்டு அதற்குத் தகுந்தபடி மூட்டை இறக்கினார். ஆவடி குவார்ட்டர்ஸில் தென்காசிக் குடும்பம் ஒன்று, தங்கள் குடத்தில் அண்ணனும் தம்பியும் வரப்புச் சண்டை போடுவதால் பிள்ளைகள் கெட்ட வார்த்தை படிப்பதாக மனு கொடுத்தது. மனுக்கள் குவிந்ததால் தண்ணீர்த் திட்ட அலுவலகம் படிவத்தைத் திருத்தியது. நிறம், மணம், சுவை என்ற மூன்று கட்டங்களுக்குப் பக்கத்தில் பேச்சு என்று நாலாவது கட்டம் சேர்ந்தது. அதில் உண்டு அல்லது இல்லை என்று எழுத வேண்டும். கூடவே, காய்ச்சிக் குடிக்கவும் என்று ஒரு நோட்டீசும் அடித்துக் கொடுத்தார்கள். வைகாசி முடிவதற்குள் எல்லார் வீட்டிலும் காய்ச்சிக் குடிக்கப் பழகிவிட்டார்கள், பூந்தமல்லியில் குல்ஷன் வீட்டைத் தவிர.

அந்த நோட்டீசைத் தட்டச்சு செய்தவளே குல்ஷன்தான். அப்போது அவளுக்கு முப்பத்தாறு வயது. அவளுடைய அத்தா அமீருதீன் பூந்தமல்லியில் ஸ்டவ் ரிப்பேர் கடை வைத்திருந்தவர். அவரும் அம்மாவும் இரண்டு வருஷ இடைவெளியில் போய்விட்டார்கள். அக்கா ஜமீலா வாணியம்பாடியில் வாழ்க்கைப்பட்டிருந்தாள், பெருநாளுக்குப் பெருநாள் கடிதம் போடுவாள். குல்ஷனுக்கு வந்த வரன்கள் எல்லாம் அவள் வாயைத் திறக்காததைப் பார்த்து ஊமையோ என்று சந்தேகப்பட்டுத் திரும்பிப் போயின. பேச வேண்டிய இடத்தில் அவளுக்குத் தொண்டையில் ஏதோ வந்து உட்கார்ந்துகொள்ளும். கண்டக்டர் கேள்வி கேட்கக் கூடாது என்பதற்காகவே பஸ்ஸில் சரியான சில்லறையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பாள். அம்பத்தூர் அலுவலகத்தில் அவள் மெஷின் பேசும், அவள் பேசமாட்டாள். ஐந்தே முக்காலுக்கு வீட்டைத் திறந்தால், மறுநாள் காலை பூட்டுகிற வரைக்கும் அந்த இரண்டு அறைகளிலும் ஒரு குரல் எழும்பாது.

அலுவலகத்தில் ரகுநாதன் என்ற இன்ஜினீயர் நகரத்துக்குத் தண்ணீர் திட்டமிட்டுக்கொண்டிருந்தார். அவருடைய மேஜைக்குப் பின்னால் சுவர் முழுவதும் கிராஃப் தாள் ஒட்டியிருந்தது. சிவப்புக் கோடு ஜனங்களுக்குத் தேவையான தண்ணீர், அது ஏணி போல ஏறிக்கொண்டே போனது. கறுப்புக் கோடு ஏரிகள், அது இறங்கியது. இரண்டுக்கும் நடுவில் இருந்த பள்ளத்தை அடைக்க, நீலப் பென்சிலில் ஒரு புள்ளிக்கோடு போட்டிருந்தார். அதுதான் ஆந்திராவிலிருந்து கால்வாய் வெட்டிக் கொண்டுவரப்போகிற கிருஷ்ணா தண்ணீர். ஒவ்வொரு பங்குனியிலும் அந்தப் புள்ளிக்கோட்டை ரப்பரால் அழித்து ஒரு வருஷம் தள்ளிப் போடுவார். அழித்து அழித்துத் தாள் தேய்ந்து, பின்னால் இருந்த சுவர் தெரிய ஆரம்பித்திருந்தது. புள்ளிக்கோடு வந்து சேருகிறவரை லாரிதான் என்று அவர் எல்லாரிடமும் சொன்னார். ஒவ்வொரு கிணற்றுக்கும் நூற்றுக்கு இத்தனை என்று நம்பக மதிப்பெண் போட்டார். கோடைக் கடைசி வரை மட்டம் குறையாத கிணற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் போடுவார். பியூன் கஜபதி, ஆள்களுக்கும் இந்த மார்க்கைப் போட்டால் குல்ஷன் அம்மாதான் ஃபர்ஸ்ட், பத்து வருஷத்தில் ஒரு நாள் லீவு போடாத கிணறு என்று கேலி பேசுவான். அவள் அடுத்த தாளை மெஷினில் ஏற்றுவாள்.

இந்தக் கிணறு இந்த லாரிக்கு, இந்த லாரி இந்தத் தெருவுக்கு என்று பட்டியல் உண்டு, அது மாறாது. குல்ஷனின் தெருவுக்கு வேம்புலி ஓட்டிய லாரி ஒன்றுவிட்டு ஒரு நாள் வரும். அது ஈச்சந்தாங்கல் என்ற ஊரில் துலுக்கானம் என்பவரின் கிணற்றில் நிரம்பியது. முதல் நாள் சாயங்காலம் குடத்தைத் திறந்து டம்ளரை விட்டபோது உள்ளேயிருந்து ஒரு பொம்பளை, இன்னா மனுசன் நீ, மாடு காலைத் தூக்கிகினு நிக்குது, நீ பீடி வலிச்சிகினு கீறியே என்று கத்தினாள். குல்ஷன் டம்ளரைக் கீழே போட்டுவிட்டுக் குடத்தை மூடினாள். பிறகு மூடியை மறுபடி திறந்தாள். அந்தப் பொம்பளை மாட்டின் குளம்புக்கு வேப்பெண்ணெய் போடுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். அப்புறம் கீரை விற்கிறவளோடு மல்லுக்கட்டினாள். கடைசியாக மோட்டார் நிற்கிற நேரத்துக்குக் கிணற்றைக் குனிந்து பார்த்து, எந்தப் புள்ளைங்க குடிக்கிறதுக்குப் போவுதோ, நல்லா இருக்கட்டும் என்றாள். அதைத் தனக்குச் சொன்னதாகவே குல்ஷன் எடுத்துக்கொண்டாள். அப்படி யாரும் சொல்லி வெகு காலம் ஆகியிருந்தது.

அந்தக் கோடையும் அடுத்த கோடையும் அவள் அந்தக் குரலோடு குடும்பம் நடத்தினாள். பஞ்சவர்ணம் என்று பெயர் தெரிந்தது. வீட்டில் மொத்தம் மூன்று பேர். புருஷன் துலுக்கானம் வாரத்துக்கு ஒரு வார்த்தை பேசுகிறவர். அவருடைய தங்கை முனியம்மா வாய் நிறைய வெற்றிலை அடக்கியிருப்பவள், எதற்கும் உம் தவிர வேறு சத்தம் கிடையாது. ஆகவே தண்ணீரில் வந்தது பஞ்சவர்ணத்தின் குரல் ஒன்றுதான். குல்ஷன் சோற்றுத் தட்டைக் குடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். பஞ்சவர்ணம் சிரித்தால் இவளுக்குப் புரை ஏறும். பஞ்சவர்ணத்துக்குப் பல் வலி வந்த வாரம் இவள் கிராம்பு வாங்கி வைத்துவிட்டு, அதை அனுப்ப வழியில்லாமல் தானே மென்றாள். மழைக்காலத்தில் ஏரி நிரம்பி லாரி நின்றுவிட்டால், குழாயில் வரும் ஊமைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு அடுத்த பங்குனிக்காகக் காத்திருப்பாள். வானம் மூடிக்கொண்டு வந்தால் ஊரே சந்தோஷப்படும். அவள் ஜன்னலைச் சாத்திக்கொள்வாள்.

மூன்றாவது கோடை 1989இல் வந்தது. பஞ்சவர்ணத்தின் குரலில் அந்த வருஷம் ஒரு முழக்கம் சேர்ந்திருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் அதே வார்த்தை பின்னாலேயே இரண்டு தடவை வந்தது. வைகாசி பிறந்த வாரம், கீரை விற்கிறவளிடம் அவள் சொன்னது குடத்தில் இப்படிக் கேட்டது. “பங்குனியில மூணு ஆளு இருந்துச்சி. கண்ணு மூடித் தெறக்கறதுக்குள்ள ரெண்டு ஆளு போயிடுச்சி. இப்ப ஒரே ஆளுதான். அது எத்தினி நாளைக்கோ.” குல்ஷன் சோற்றில் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். மூன்று பேர் இருந்த வீடு. பேசாத துலுக்கானமும் உம் கொட்டுகிற முனியம்மாவும் போய்விட்டார்கள், அது தனக்கு இத்தனை நாள் தெரியவே இல்லை. பஞ்சவர்ணம் இனி தன்னைப் போலவே வீட்டைத் திறந்து வீட்டைப் பூட்டுவாள். இரண்டு நாள் கழித்து வந்த குடத்தில் பஞ்சவர்ணம் கிணற்றுக்குள் குனிந்து, குடிக்கிறதுக்கு இத்தினி பேர் கீறீங்க, ஒருத்தராச்சும் வந்து எட்டிப் பார்க்கக் கூடாதா என்று கேட்டாள். முழக்கத்தில் அந்தக் கேள்வி மூன்று தடவை வந்தது.

மறுநாள் குல்ஷன் லீவு எழுதிக் கொடுத்தாள். கஜபதி அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மழை வரப்போகிறது என்று சொன்னான். அவள் திருவள்ளூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்துப் போய், ஒன்றரை மைல் வெயிலில் நடந்தாள். சாவு வீட்டுக்கு என்ன கொண்டுபோவது என்று தெரியாமல் ஒரு பெரிய பிஸ்கட் பாக்கெட் வாங்கியிருந்தாள். மோட்டார் சத்தத்தை வைத்து வீட்டைக் கண்டுபிடித்தாள். வாசலில் தடித்த ஒரு பொம்பளை மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தாள். குல்ஷனுக்கு வழக்கம்போல் வாய் வரவில்லை, அழுகைதான் வந்தது. பஞ்சவர்ணம் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வாசலில் ஒருத்தி வந்து நின்று அழுதால், யார் எவர் என்று கேட்பதற்கு முன்னால் சேர்ந்து அழுவதுதான் அந்தப் பக்கத்து மரியாதை. அவள் குல்ஷனின் தோளைக் கட்டிக்கொண்டு குரல் எடுத்து அழுதாள். சத்தம் கேட்டு முனியம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டு ஓடிவந்து சேர்ந்துகொண்டாள். மூன்று பேரும் கொஞ்ச நேரம் அழுத பிறகு, யாருக்காக அழுகிறார்கள் என்று பார்க்கத் துலுக்கானமும் கொட்டகையிலிருந்து வெளியே வந்தார்.

“யாரு கண்ணு செத்தது?” என்று பஞ்சவர்ணம் மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்டாள்.

குல்ஷன் துலுக்கானத்தையும் முனியம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். “நீங்கதானேக்கா சொன்னீங்க. மூணு ஆளு இருந்துச்சி, இப்ப ஒரு ஆளுதான்னு.”

“யாராண்ட சொன்னேன்?”

“கெணத்தாண்ட. தண்ணியில வந்துச்சி.”

பஞ்சவர்ணம் கிணற்றைப் பார்த்தாள், குல்ஷனைப் பார்த்தாள், பிறகு மாடு மிரண்டு நகரும்படி சிரித்தாள். “அடி பைத்தியக்காரப் பொண்ணே, அது தண்ணிடி. கெணத்துல மூணு ஆளு ஒசரத்துக்குத் தண்ணி நின்னுச்சி, இப்ப ஒரு ஆளு ஒசரந்தான் நிக்குது. கெணறு வச்சிருக்கிறவங்க அப்டித்தான் சொல்லுவோம். இந்த மனுசனை உசுரோட பாடையில ஏத்திட்டியே.”

துலுக்கானம், “நல்லாத்தான் கீறேன்” என்று சொல்லிவிட்டு மாட்டுப் பக்கம் போய்விட்டார். செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் அவர் பேசியது அதுதான் என்று பஞ்சவர்ணம் சொன்னாள். தண்ணீரில் பேச்சு வருகிறது என்பதில் அவளுக்கு ஆச்சரியம் ஏதும் இருக்கவில்லை. தான் திட்டியதும் வந்ததா என்று மட்டும் கேட்டாள். வந்தது என்றாள் குல்ஷன். மோட்டார்க்காரனின் பரம்பரையைத் திட்டியதுமா என்றாள். அதுவும் என்றாள். சரி, அவனுக்கு அது வேணும் என்று சொல்லிவிட்டு, பிஸ்கட்டைப் பிரித்து எல்லாருக்கும் கொடுத்தாள்.

கிணற்றை எட்டிப் பார்த்தபோதுதான், குல்ஷனையும் தொற்றியிருந்த சிரிப்பு நின்றது. படிகள் காய்ந்து, மிக ஆழத்தில் ஒரு தட்டு அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. இந்தக் கிணற்றுக்கு ரகுநாதன் தொண்ணூற்றைந்து போட்டிருந்தார். பட்டியலிலேயே அதுதான் அதிகம். ஞாயிற்றுக்கிழமை லாரி ஓடாது. அளக்கிறவர் திங்கட்கிழமை விடியற்காலையில் வந்து, ஒரு நாள் முழுக்க ஊறி நின்ற தண்ணீரை அளந்துகொண்டு போய்விடுவார். மூன்று வருஷமாக அவர் திங்கட்கிழமைத் தண்ணீரை மட்டும்தான் பார்த்திருந்தார். அந்தத் தொண்ணூற்றைந்தை நம்பி, அடுத்த வாரத்திலிருந்து இங்கே இரண்டாவது மோட்டார் வைக்க உத்தரவு தயாராகியிருந்தது. அதைத் தட்டச்சு செய்தவளும் குல்ஷன்தான். அவள் அதைச் சொன்னபோது பஞ்சவர்ணம் தவிட்டுக் கையைக் கழுவாமலேயே உட்கார்ந்துவிட்டாள். ரெண்டு மோட்டார் போட்டால் பத்து நாளில் வெறும் சேறுதான் வரும், நாற்று கருகிவிடும், மாட்டை விற்றுவிட்டு மூன்று பேரும் செங்கல் சூளைக்குப் போக வேண்டியதுதான் என்றாள். கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை மறுக்கத் தங்களால் ஆகாது, ஆபீசாக விட்டால்தான் உண்டு என்றாள். பிறகு குல்ஷனைப் பார்த்து, “ஊட்ல யாரு கூட கீற?” என்று கேட்டாள்.

“ஒண்டியாத்தான்க்கா.”

“இந்தக் கெணத்தை உட்டுட்டா உனக்குத் தண்ணி?”

“வேற கெணத்துலேர்ந்து வரும்.”

பஞ்சவர்ணம் கேட்டது அதை அல்ல. இரண்டு பேருக்கும் அது தெரிந்திருந்தது.

திரும்பி வந்து மூன்று நாள் குல்ஷன் ஒன்றும் செய்யவில்லை. குடத்தைத் திறந்து கேட்பாள், மூடுவாள். கிணறு செத்தாலும் குரல் போகும், கிணற்றை விட்டாலும் குரல் போகும். விட்டால் பத்து நாள் முன்னதாகப் போகும், அவ்வளவுதான் என்று கணக்குப் போட்டுப் பார்த்தாள். அந்தப் பத்து நாளைத் தருவதற்கு அவளுக்கு மூன்று நாள் பிடித்தது. நாலாம் நாள் வாராந்தரப் படிவத்தை மெஷினில் ஏற்றினாள். ஈச்சந்தாங்கல் வரிசையில் நிறம் இல்லை, மணம் இல்லை, சுவை நன்று என்று அடித்துவிட்டு, பேச்சு என்ற கட்டத்துக்கு வந்தாள். உண்டு என்று அடிக்கவில்லை. பங்குனியில் மூன்று ஆள், சித்திரைக் கடைசியில் இரண்டு, வைகாசியில் ஒன்று, புதன்கிழமை சாயங்காலம் மோட்டார் காற்றை உறிஞ்சியது, வியாழக்கிழமை மோட்டார் நிற்கும்போது சேறு வந்தது என்று பஞ்சவர்ணம் சொன்னதையெல்லாம் தேதி போட்டு அடித்தாள். கட்டம் போதவில்லை. இன்னொரு தாளை ஒட்டி நீட்டினாள்.

ரகுநாதன் அவளைக் கூப்பிட்டார். “இங்க உண்டு, இல்லைன்னு போட்டாப் போதுமேம்மா.”

அவளுக்குத் தொண்டையில் வழக்கமானது வந்து உட்கார்ந்தது. அதற்கு மேலேயே பேசினாள். “தலைப்பு பேச்சுன்னுதான் சார் இருக்கு. ரெண்டு வருஷமா அது என்ன பேசுதுன்னு யாருமே எழுதலை.”

ரகுநாதன் தாளை இரண்டு தடவை படித்தார். ஆள் என்றால் மனிதரா என்று கேட்டார். தண்ணீர் என்றாள். அவர் சனிக்கிழமை சாயங்காலம், கடைசி லாரி போன பிறகு, தானே ஜீப் எடுத்துக்கொண்டு போய்க் கிணற்றை அளந்தார். முழங்கால் அளவுதான் இருந்தது. திங்கட்கிழமை வந்து தொண்ணூற்றைந்தை அடித்துவிட்டு இருபது போட்டார். பிறகு எல்லாக் கிணறுகளையும் சனிக்கிழமை அளக்கச் சொன்னார். பட்டியலில் பாதி கிணறுகள் விழுந்தன. மிச்சம் இருந்ததை வைத்து எந்தத் தெருவுக்கு ஒன்றுவிட்டு ஒரு நாள், எந்தத் தெருவுக்கு மூன்று நாளுக்கு ஒரு தடவை என்று புதிதாகத் திட்டம் போட்டார். ஜனங்கள் அவரைத் திட்டினார்கள். ஆனால் சொன்ன நாளில் லாரி வந்தது.

ஈச்சந்தாங்கலிலிருந்து கடைசி நடை புதன்கிழமை வந்தது. வேம்புலி வழக்கமாகத் தெருமுனையில் ஹாரன் அடிப்பவர், அன்றைக்கு வீட்டு வாசலுக்கே வந்து, அந்த அம்மா லாரியில் ஏறி உன் குடத்துக்கு என்று சொல்லித் தொட்டிக்குள் வாயை வைத்துப் பேசியது, எல்லாத் தண்ணியும் கலந்துபோச்சோ என்னவோ, முதல் குடம் நீ பிடி என்றார். குல்ஷன் பிடித்துக் கொண்டுபோய்த் திறந்தாள். “பூந்தமல்லிப் பொண்ணே, இதான் கடசி வண்டி. மாட்டுக்குக் காலு ஆறிடுச்சி. எங்க ஊட்டுக்காரரு நல்லா கீறாரு, பேசத்தான் மாட்டாரு. ஒண்டியா கீறோம்னு சோறாக்காம படுத்துக்காத. துன்னியா?” என்றது தண்ணீர். அவள் மூடியைப் போட்டு, துணி சுற்றி, அதைக் குடிக்காமல் சமையலறை மூலையில் வைத்தாள்.

அதற்குப் பிறகு அவள் ஈச்சந்தாங்கலுக்குப் போகவில்லை. நேரில் போனால் அவளும் பேச வேண்டியிருக்கும். மழை பெய்து கிணற்றில் இரண்டு ஆள் தண்ணீர் நிற்கிறது, நாற்று விட்டிருக்கிறார்கள் என்று வேம்புலி ஒரு தடவை சொன்னார். அது போதும் என்று இருந்தாள். அவள் தெருவுக்கு வேறு கிணற்றுத் தண்ணீர் வந்தது. அதில் யாரோ ஒருவர் நாள் முழுவதும் இருமினார். அதை அவளும் காய்ச்சிக் குடித்தாள். மூலைக் குடத்தில் எவ்வளவு இறுக்கி மூடினாலும் தண்ணீர் வருஷத்துக்கு இரண்டு விரற்கடை இறங்கியது. இறங்க இறங்க, பேச்சும் முன்பக்கத்திலிருந்து குறைந்தது. முதலில் பூந்தமல்லிப் பொண்ணே போயிற்று. கடைசி வண்டி போயிற்று. 1992இல் மாட்டின் கால் போயிற்று, அடுத்த வருஷம் துலுக்கானம் போனார்.

1996 செப்டம்பர் கடைசியில் கிருஷ்ணா தண்ணீர் வந்து பூண்டி ஏரியில் விழுந்தது. ரகுநாதன் அதற்கு முந்தைய வருஷம் ஓய்வு பெற்றிருந்தார். புதிதாக வந்த இன்ஜினீயர் கிராஃபில் ஓட்டை விழுந்த இடத்தில் வெள்ளைத் தாளை ஒட்டி, புள்ளிக்கோட்டை முழுக் கோடாகப் போட்டார். அவ்வளவு தூரம் வந்த தண்ணீர் வழியில் எத்தனையோ பேர் பேச்சைக் கேட்டிருக்கும். ஆனால் அணைகளிலும் ஏரிகளிலும் கிடந்து எல்லாவற்றையும் மறந்துவிட்டு, சுத்தமாக, ஒரு சத்தமும் இல்லாமல் குழாயில் வந்தது. படிவங்களில் பேச்சுக் கட்டம் முழுவதும் இல்லை, இல்லை என்று வந்தது. ஆறு மாதத்தில் அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டார்கள். அந்தப் புதுப் படிவத்தையும் குல்ஷன்தான் தட்டச்சு செய்தாள்.

குடத்தில் அப்போது ஒரு டம்ளர் தண்ணீர் மிச்சம் இருந்தது, ஒரு வார்த்தையும் மிச்சம் இருந்தது. தினமும் திறந்தால் தினமும் கொஞ்சம் ஆவியாகும் என்பதால் வெள்ளிக்கிழமை மட்டும் திறப்பாள். அன்றைக்கு அலுவலகத்திலிருந்து வந்ததும் உலை வைப்பாள், குழம்பு கூட்டுவாள், உட்கார்ந்து சாப்பிடுவாள், தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் மூலைக்குப் போய்த் துணியை அவிழ்ப்பாள். துன்னியா என்று தண்ணீர் கேட்கும். துன்னேன்க்கா என்பாள்.